தொட்டியில் நிற்காத இணையம்

"…அதைத்தாம்மா நானும் சொல்றேன். 'ஒன்றை அழுத்தவும்'னாங்க, அழுத்தினேன். 'மூன்றை அழுத்தவும்'னாங்க, அதையும் அழுத்தினேன். அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் தேஞ்சதுதான் மிச்சம்! நடுவுல ஒரு பாட்டு வேற. வார்த்தையே இல்லாத பாட்டு. டிங்… டிங்… டிங்னு. கேக்கறவன் தூங்கிட்டான்னா புகார் தானாத் தீர்ந்துடும்னு யோசிச்சு வெச்சிருக்காங்க போல. என்னையா தூங்க வைக்க முடியும்? ராத்திரி ஷிப்டுலயே தலை நரைச்சவன் நான்! உக்காருங்க, உக்காருங்க. வேணாமா? சரி, நின்னுக்கிட்டே பாருங்க. பையை மட்டும் அங்க வைக்காதீங்க, அது டீச்சர் வர்ற வழி. தடுக்கிச்சுன்னா அதுக்கும் நாந்தான் காரணம்னுவாங்க."

இணைய நிறுவனத்திலிருந்து பழுது பார்க்க வந்திருந்த பெண் பையைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதே தொடங்கிவிட்ட பேச்சு இது. நிமிர்ந்து தான் யாரென்று சொல்லக்கூட அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் நகரக் குடிநீர் நிலையத்தில் பம்பு இயக்கி ஓய்வு பெற்றவர். தெருவில் அவரை மோட்டார்காரர் என்றே சொல்வார்கள். பெரிய பம்புகளின் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமென்று காலமெல்லாம் உயர்த்தி வைத்திருந்த குரலை, வேலையை விட்டபோது அவர் இறக்கி வைக்க மறந்திருந்தார். எதிரில் இருப்பவர் மறுமொழி சொல்லாவிட்டால், தாம் சொன்னது இன்னும் எட்டவில்லை என்று எடுத்துக்கொண்டு, அதையே இன்னும் சற்று உரக்கச் சொல்வது அவர் வழக்கம்.

"டீச்சர்னா யாருன்னு பாக்கறீங்களா? என் வீட்டுக்காரம்மாதான். ஊரே டீச்சர்னுது, நானும் டீச்சர்னுடறேன். பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்ப மாட்டாங்க, டீச்சர்னாத் திரும்புவாங்க. பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாச்சு, பள்ளிக்கூடம் அவங்களை விடல. உள்ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர் வழியாக் கணக்குச் சொல்லிக் குடுக்கறாங்க. எங்கெங்கியோ இருந்தெல்லாம் பிள்ளைங்க வருது. வருதுன்னா… வரல. பெட்டிக்குள்ள வருது. தபால் தலை கணக்கா வரிசையா ஒவ்வொரு மூஞ்சி. அதுல பாதி மூஞ்சி தூங்குது, மீதி மூஞ்சி எதையோ தின்னுது. அதுங்களுக்குப் போய் இவங்க தொண்டை கிழியக் கத்தறாங்க. நல்லா இருக்கும்மா கேக்கறதுக்கு. ஐயோ, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, ஏற்கெனவே பிடிக்க முடியல."

அந்தப் பெண் கூடத்துச் சுவரை ஒட்டி வந்த ஒயரைக் கண்ணால் பின்தொடர்ந்து, கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரியில் போய் நின்றாள்.

"கரெக்டு! அங்கதான் இருக்கு ரவுட்டர். நல்லாப் பத்திரமா வெச்சிருக்கேன். கதவைத் திறக்கணுமா? திறங்க. மெதுவா… தூசி போயிடப் போவுது. அந்தத் துணியா? நாந்தான் போத்தினேன். கண்ணாடிக் கதவு இருக்கறப்ப உள்ள துணி எதுக்குன்னு டீச்சரும் கேட்டாங்க. அவங்களுக்கு மெஷின் தெரியாது. தூசிங்கறது, ம்மா, கண்ணாடியையே தின்னுட்டு உள்ள வரும். சூடா இருக்கா? இருக்கும், இருக்கும்! அதானே நான் தலைபாடா அடிச்சுக்கறேன், இது நோஞ்சான் மெஷின்னு. உள்ளங்கை அகலம்கூட இல்ல, அது தலையில ஒரு பள்ளிக்கூடத்தையே ஏத்தி வெச்சா?"

துணி மடிந்து மேசைக்கு வந்தது. மோட்டார்காரர் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பம்புக் கூடத்திலும் அவர் தோளில் எப்போதும் ஒரு துணி கிடக்கும்.

"சரி, என்ன கேட்டீங்க… எப்பப்ப போவுதுன்னா? எப்பப்ப போவக் கூடாதோ அப்பப்ப போவுது. டீச்சர் வாயைத் திறந்து, பிள்ளைங்க எல்லாம் ஒரு வழியா முழிச்சு, கணக்கு சூடு பிடிக்கற நேரம் பாத்து, டப்புனு போவும். அன்னிக்குப் பாருங்க, ஒரு கணக்கு. ஒரு தொட்டி. ஒரு குழாய் ஆறு மணி நேரத்துல ரொப்புதாம், இன்னொரு குழாய் எட்டு மணி நேரத்துல காலி பண்ணுதாம். ரெண்டையும் ஒண்ணாத் திறந்து விட்டா எப்ப ரொம்பும்? ஏம்மா, நான் தெரியாமத்தான் கேக்கறேன், எந்த மடையன் ரெண்டையும் ஒண்ணாத் திறப்பான்? எங்க நிலையத்துல எவனாவது திறந்திருந்தா, தொட்டி ரொம்பறதுக்கு முன்னாடி அவன் சீட்டுக் கிழிஞ்சிருக்கும்! எனக்குப் பொறுக்கல. கதவைத் திறந்து சொல்லிட்டேன். 'டீச்சர், முதல்ல அந்த வால்வை மூடச் சொல்லு'ன்னு. வகுப்பு நடந்துக்கிட்டிருக்கு. பிள்ளைங்க எல்லாம் சிரிச்சுதாம். தூங்கின மூஞ்சிகூட முழிச்சுதாம். அன்னியிலேருந்து உள்தாழ் போட்டுக்கறாங்க.

"போட்டுக்கட்டும். ஆனா மனசு கேக்குமா? மடையன் திறந்ததாவே இருக்கட்டும், தொட்டி எப்பத்தான் ரொம்புச்சுன்னு தெரியணுமில்ல? ஒரு கை இந்த மெஷின் மேல, காது சுவத்து மேலன்னு நிக்கறேன். 'ஆகவே பிள்ளைங்களா, தொட்டி நிரம்புறதுக்கு ஆகிற நேரம்…'ன்னாங்க. அத்தோட சரி. 'போச்சு, நெட்டு போச்சு'ன்னு ஒரே கத்தல். இன்னி வரைக்கும் எனக்கு விடை தெரியாது. கேக்கலாம். கேட்டா, ஒட்டுக் கேட்டீங்களான்னு வரும். நீங்க ஏதோ தேடறீங்க… பிளக்கா? கீழ இருக்கு பாருங்க, நல்ல பிளக்கு, நானே போட்டது."

அவள் பிளக்கை அசைத்துப் பார்த்தாள். இறுக்கமாகவே இருந்தது. பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து ரவுட்டரோடு சேர்த்தாள்.

"முதல்ல மேல்வீட்டுத் தாடிக்காரன் மேலதான் எனக்குச் சந்தேகம். மாடிப்படியில உக்காந்து எப்பப் பாத்தாலும் போனை நோண்டிக்கிட்டிருப்பான். நம்ம நெட்டைத்தான் உறிஞ்சறான்னு முடிவு கட்டி, பாஸ்வேர்டை மாத்திட்டேன். யாராலயும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்டு! மறுநாள் என்னாலயே கண்டுபிடிக்க முடியல. டீச்சர்தான் கண்டுபிடிச்சாங்க, ஒரே தடவையில. எப்படின்னு கேட்டேன். 'நீங்க தூக்கத்துல புலம்பறது எல்லாம் அந்த ரெண்டாம் நம்பர் பம்பைத்தானே, அதைத்தான் அடிச்சேன்'னாங்க. என்னத்தைச் சொல்ல! பாஸ்வேர்டை மாத்தியும் நெட்டு போவுது. அப்ப தாடிக்காரன் நல்லவன்தான் போல. ஆனா அதுக்குள்ள அவனை நான் 'என்னப்பா, ஓசி நெட்டு இனிக்குதா'ன்னு கேட்டுத் தொலைச்சுட்டேன். இப்ப என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கறான். அடுத்து புறா. ஒயர் மேல வரிசையா வந்து உக்காருது. ஒரு கம்பால விரட்டினேன். புறா போச்சு, நெட்டும் போச்சு. புறா திரும்பி வந்துடுச்சு."

இந்த இடத்தில் மோட்டார்காரர் உள்ளறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நாற்காலி நகரும் ஓசை. ஐந்து மணி வகுப்புக்கு அவர் மனைவி ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்துவதாக எண்ணிக்கொண்டு மோட்டார்காரர் சொன்னது, தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"உங்களை ஏன் இப்படி அவசரப்படுத்தறேன்னா… இன்னிக்குத்தான் கெடு. இந்த வகுப்புல நெட்டு நடுவுல நின்னுச்சுன்னா, நாளையிலேருந்து வகுப்பு எல்லாம் அவங்க அக்கா வீட்டு மாடி ரூம்ல. மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கிளம்பினா, ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவாங்களாம். ரெண்டு பஸ்ஸு மாறிப் போவணும். அக்கா வீட்டுல நெட்டு நிக்கவே நிக்காதாம். அக்கா வீட்டுல ஃபேன் சத்தமே போடாதாம். குழாய்ல தேன் வருதான்னு கேட்டேன். அதுக்கு இன்னும் முறைப்பு தீரல. போவட்டும், எனக்கென்ன? வீடு நிம்மதியா இருக்கும். சுவத்துல காதை வெக்க வேணாம். டீ போட்டா ஒரு கிளாஸு போதும்…

"ஆனா பாருங்க, ஒரு கிளாஸு டீக்குப் பாலைக் காய்ச்சறது இருக்கே, அது ஒரு பொழப்பா? அடிப்பிடிக்கும். ரெண்டு கிளாஸுன்னாத்தான் பால் ஒழுங்காப் பொங்கும்."

பொதுவாக ஒரு பேச்சிலிருந்து அடுத்த பேச்சுக்கு அவர் மூச்சு விடாமல் தாவிவிடுவார். இங்கே மட்டும் தோள்துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த அலமாரிக் கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தார்.

"இதைச் சரி பண்ணிடுங்கம்மா. உங்க கம்பெனியிலயும் நல்ல ஆளுங்க இல்லாம இல்ல. மொத மொத நெட்டு தகராறு பண்ணினப்ப, அந்த டிங் டிங் எல்லாம் முடிஞ்சு ஒருத்தர் பேசினாரு. என்ன சொன்னாரு தெரியுமா? 'ஐயா, மெஷினை அணைச்சுடுங்க. கொஞ்ச நேரம் அப்படியே விடுங்க. அப்புறம் போடுங்க'ன்னாரு. போட்டேன். புதுசு கணக்கா ஓடிச்சு! அந்த ஒரு வார்த்தைக்காக உங்க கம்பெனியை நான் மன்னிச்சேன். ஓடற மெஷினுக்கு ஓய்வு வேணும்னு தெரிஞ்ச ஒருத்தராவது அங்க இருக்காரேன்னு… என்ன பாக்கறீங்க திரையில? என்ன? திரும்பத் திரும்ப அணைஞ்சு எரிஞ்சிருக்கா? தெனமுமா? கரண்டா? சேச்சே, எங்க தெருவுல கரண்டு அவ்வளவா போவாது. ரவுட்டர் மட்டும் அணைஞ்சிருக்கா? ஆமா. அது நாந்தானே அணைக்கறேன்."

மடிக்கணினியின் மேல் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. மோட்டார்காரர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார், விளக்கினார்.

"பின்ன? கெட்டுப் போனப்புறம் ஓய்வு குடுக்கறதுக்கு எதுக்கு நானு? கெடறதுக்கு முன்னாடியே குடுக்கணும். வகுப்பு ஆரம்பிச்சதும் வந்து புறங்கையை வெச்சுப் பாப்பேன். சூடு ஏறிடுச்சுன்னு வெச்சுக்குங்க, ஸ்விட்சைத் தட்டிடுவேன். ஒரு டீ ஆத்திக் குடிக்கற நேரம். அப்புறம் போட்டுடுவேன். ரெண்டாம் நம்பர் பம்பை இப்படித்தாம்மா காப்பாத்தினேன்! மத்ததெல்லாம் சுருள் எரிஞ்சு பழைய இரும்புக்குப் போச்சு, அது ஒண்ணுதான் நான் வெளிய வர்ற வரைக்கும் ஓடிச்சு. அப்ப வகுப்பு நின்னுடாதான்னு கேக்கறீங்க. அது எப்படி நிக்கும்? மோட்டாரை நிறுத்தினா ஊர்க் குழாய்ல தண்ணி நின்னுடுதா? மேல தொட்டி இருக்கும்மா, தொட்டி! ரொப்பி வெச்சதுலேருந்து போயிக்கிட்டே இருக்கும். சந்தேகம்னா நானே சோதிச்சுப் பாத்திருக்கேன். போன்ல வீடியோ பாத்துக்கிட்டிருந்தேன், டீசல் இன்ஜினைப் பிரிச்சு மாட்டற வீடியோ. ஸ்விட்சைத் தட்டினேன். ஓடுதே! நான் டீயை ஆத்தி முடிக்கற வரைக்கும் ஓடுதே! தொட்டி இல்லாமலா?

"அப்ப டீச்சர் ஏன் கத்தறாங்கன்னா… அவங்க கத்தினதும் நான் ஓடி வந்து பாப்பேன். மெஷின் ஓய்வுல இருக்கும். சரி, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, கம்பெனியிலதான் ஏதோ கோளாறுன்னு ஸ்விட்சைப் போட்டுடுவேன். போட்டதும் சரியாயிடும். பாருங்க, நான் மட்டும் பக்கத்துல இல்லேன்னா…"

அந்தப் பெண் மடிக்கணினியை ஓரமாக நகர்த்தினாள். அவருடைய கைப்பேசியைக் கேட்டு வாங்கினாள். அதில் வீட்டு இணையம் மட்டுமே வரும் என்பதை உறுதி செய்துகொண்டு, தன் கைப்பேசியிலிருந்து அதற்கு முகம் பார்த்துப் பேசும் அழைப்பை விடுத்தாள். பிறகு அவருடையதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, தன்னுடையதை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மோட்டார்காரரின் கையில் மோட்டார்காரரே தெரிந்தார்.

"அட, நாந்தானா இது! காதுல இவ்வளவு முடியா வளந்து கிடக்குது? டீச்சர் ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. இல்ல, சொன்னாங்களோ என்னவோ, நாந்தான் காதுல… எதுக்கும்மா ஸ்விட்சுகிட்ட கையைக் கொண்டு போறீங்க? தட்டுங்க, தட்டுங்க, தைரியமாத் தட்டுங்க! இப்பப் பாருங்க வேடிக்கையை, தொட்டியிலேருந்து எப்படி…"

அவள் தட்டினாள்.

கையிலிருந்த முகம், வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி அப்படியே நின்றது. அவர் தலையை ஆட்டினார், அது ஆட்டவில்லை. வாயை மூடினார், அது மூடவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக அவர் தம்முடைய முகத்தைப் பேசாத நிலையில் பார்த்துக்கொண்டு நின்றபோது, உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"போச்சு! இன்னும் வகுப்பே தொடங்கல, அதுக்குள்ள போச்சு!"

மோட்டார்காரர் கதவைப் பார்த்தார். ஸ்விட்சைப் பார்த்தார். அவர் மனத்தில், தாம் ஆற்றிக் குடித்த டீ ஒவ்வொன்றும், கதவுக்குப் பின்னால் எழுந்த கத்தல் ஒவ்வொன்றோடும் ஒன்றுக்கு ஒன்றாகப் போய்ச் சேர்ந்து நின்றது.

"போடுங்கம்மா," என்றார். இந்த முறை குரல் உண்மையாகவே தாழ்ந்திருந்தது. "சீக்கிரம் போடுங்க… அப்ப வீடியோ ஓடிச்சே? முன்னாடியே கொஞ்சம் வாங்கி வெச்சுக்குமா? அதுக்கு மட்டும் தொட்டி உண்டா? வகுப்புக்குக் கிடையாதா? நேரடியாப் பேசற பேச்சை முன்னாடியே எப்படி ரொப்பி வெக்க முடியும்… அதுவும் சரிதான். பேசினாத்தானே பேச்சு. ஐயையோ. இவ்வளவு நாளும் நாந்தானா? தாடிக்காரனைக் கேட்டேனே… புறாவை… ஏம்மா, ஒரு உதவி. டீச்சர்கிட்ட ஒயர்னு சொல்லிடுங்க. ஒயர்ல எலி கடிச்சிருக்குன்னு. எங்க வீட்டுல எலி கிடையாது, பரவால்ல, ஒண்ணு வந்துட்டுப் போச்சுன்னு வெச்சுக்குவோம். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க கம்பெனி ஆளு, பை எல்லாம் வெச்சிருக்கீங்க, நம்புவாங்க. என் மேல கோவம் வந்தா அக்கா வீட்டுக்குத்தானே… இருங்க, வர்றாங்களான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்."

அவர் உள்ளறைக் கதவு வரை போய்க் காது கொடுத்துவிட்டுத் திரும்பினார். கூடத்தில் யாரும் இல்லை. பை இருந்த இடத்தில் பை இல்லை. அலமாரிக் கதவுகள் இரண்டும் காற்றுப் போகும்படி அகலத் திறந்து வைக்கப்பட்டிருந்தன. ரவுட்டரின் பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மாடிப்படியில் செருப்போசை விரைந்து இறங்கியது.

"போயிடுச்சா? ஒரு வாய் டீ குடிக்கல… ஒரு வார்த்தை பேசல… என்ன பிள்ளைங்களோ, வாயில முத்தா உதிர்ந்துடும்?"

உள்ளே வகுப்பு தொடங்கியது. மோட்டார்காரர் நாற்காலியை இழுத்து அலமாரி முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சரின் குரல் ஏற ஏற, ரவுட்டரின் சூடும் ஏறுவதாக அவருக்குப் பட்டது. புறங்கையை வைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். கை தானாக ஸ்விட்சை நோக்கிப் போயிற்று. மற்றக் கையால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். பொறுக்க முடியாத கட்டத்தில், மேசையிலிருந்த செய்தித்தாளை மடித்து ரவுட்டருக்கு விசிறத் தொடங்கினார்.

"சுடுதா? தாங்கிக்க," என்றார் அதனிடம். "உனக்குத் தொட்டி கிடையாதாமே. சொல்ல வேணாமா ஒரு வார்த்தை? அந்தப் பொண்ணும் வாயைத் திறக்கல, நீயும் திறக்கல. எல்லாரும் சேந்து என்னையே பேச விட்டு வேடிக்கை பாத்திருக்கீங்க. இப்ப டீச்சர்கிட்ட என்ன சொல்றது? எலின்னு சொல்லட்டுமா? எலின்னா எலிப்பொறி வாங்கிட்டு வாங்கம்பாங்க. புறான்னு சொல்லட்டுமா? பாவம், ஏற்கெனவே கம்பால அடி வாங்கியிருக்குது. இடின்னு சொன்னா… வெயில் அடிக்குது. நீ பேசாம எரி. இன்னிக்கு ஒரு நாள் எரி."

விசிறிய கை வலித்தது, மாற்றிக்கொண்டார். அந்தக் கையும் வலித்தது. உள்ளே பிள்ளைகள் கூட்டாக விடை சொன்னார்கள், விடைபெற்றார்கள். கதவு திறந்தது.

"இன்னிக்கு நடுவுல ஒரு தடவைகூட நிக்கலியே!" என்று மலர்ந்த முகத்தோடு வெளியே வந்த டீச்சர், அப்படியே நின்றார். "என்ன பண்றீங்க?"

"காத்து… விசிறறேன்."

"அதுக்கா? அந்தப் பொண்ணு எங்க? என்ன கோளாறாம்?"

மோட்டார்காரர் எலியைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"தொட்டி இல்லையாம்," என்றது வாய்.

"எதுல?"

"நெட்டுல."

டீச்சர் அவரைப் பார்த்தார். திறந்து கிடந்த அலமாரியைப் பார்த்தார். விசிறாத கையின் விரல்கள் தம்மை அறியாமல் தடவிக்கொண்டிருந்த ஸ்விட்சைப் பார்த்தார். கணக்குச் சொல்லித்தருகிறவருக்கு இதற்கு மேல் தரவு தேவைப்படவில்லை. முகத்தில் ஏறிய சினம் பாதி வழியில் திசை மாறி உதட்டோரத்தில் துடித்தது. அதை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார்.

"அக்கா, நாந்தான். மாடி ரூமைப் பூட்டிடு, நான் வரல… ஆமா, கோளாறு தெரிஞ்சுபோச்சு… நெட்டுல இல்லக்கா… மாத்தறதா? இத்தனை வருஷத்துக்கு அப்புறம் மாத்தி என்ன பண்ண? பழைய மாடல். பக்கத்துல ஒரு ஆள் இருந்து பாத்துக்கிட்டாத்தான் ஓடும். சரி, வெச்சிடறேன், அடுத்த வகுப்புக்கு நேரமாச்சு."

"யாரு… யாரு பழைய மாடலு?" மோட்டார்காரரின் குரல் பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது. ஆனால் டீச்சர் அதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். மோட்டார்காரர் நாற்காலியை ரவுட்டரின் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, செய்தித்தாளைக் கைமாற்றினார்.

"கேட்டியா அதை? பழைய மாடலாம்! சரி, நீயே சொல்லு, நாயத்தை நீயே சொல்லு…"